நாற்பத்தாறு சாக்லேட்டும் ஆளுக்கொரு கடியும்

அத்தியாயம் ஏழு

மார்லிஸ் குண்டர்சன் தன் மளிகைக் கடையின் கல்லா மேஜையில் நாற்பத்தாறு சாக்லேட்டுகளை வரிசையாகக் கிடத்தியிருந்தாள், விபத்தில் போனவர்களை உறவினர் வந்து அடையாளம் காட்டுவதற்காக வைத்திருப்பதைப் போல. நாற்பத்தாறும் நாற்பத்தாறு ரகம். ஒவ்வொன்றிலும் ஒரு கடி.

லானி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"குடும்பத்துக்குச் சொல்லியாச்சா?"

"இவனை எதுக்கு வெர்னா கூட்டிட்டு வர்ற?" என்றாள் மார்லிஸ்.

"வண்டி இவனோடது" என்றாள் வெர்னா காலோவே.

வால்நட் ஃபோர்க் ஊரின் ஒரே துப்பறியும் நிபுணர் வெர்னா. அதற்குமுன் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, நாற்பது பிள்ளைகளில் எவன் எவள் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டினான் என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்தாள். லானி பிரவுட் அவளுடைய உதவியாளன். இருபத்தாறு வயது. அவனிடம் இருந்த திறமை எது என்று வெர்னா இன்னும் துப்பறிந்துகொண்டிருந்தாள்.

"கடிச்சதைக்கூட மன்னிச்சிடுவேன்" என்றாள் மார்லிஸ். "ஸ்டிக்கரை மாத்தியிருக்கானே, அதைச் சொல்லு."

விஷயம் இதுதான். அரசு உணவு அட்டையை வைத்து இனிமேல் மிட்டாயும் கலர் சோடாவும் வாங்க முடியாது என்று மாநிலத்தில் புதுச் சட்டம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மார்லிஸின் கல்லா இயந்திரத்துக்கு மிட்டாயும் தெரியாது, முட்டைக்கோஸும் தெரியாது. தட்டினால் மணியடிக்கும், அவ்வளவுதான். அதனால் அவளே உட்கார்ந்து எல்லாப் பண்டத்திலும் ஸ்டிக்கர் ஒட்டினாள். பச்சை என்றால் அட்டையில் வாங்கலாம். சிவப்பு என்றால் சொந்தக் காசு. கல்லாவில் அவள் ஸ்டிக்கரை மட்டும் பார்த்துத் தட்டுவாள்.

யாரோ சிவப்பைப் பிய்த்துப் பச்சையும், பச்சையைப் பிய்த்துச் சிவப்பும் ஒட்டிவிட்டார்கள். இன்று காலையில்தான் கண்ணில் பட்டது.

"கணக்கைப் பாத்தேன், ஒரு வாரமா நடந்திருக்கு. ஒரு வாரமா நான் கார்டுக்கு சாக்லேட் வித்திருக்கேன், வெர்னா. நாலு மணிக்கு மாநிலத்துலேருந்து ஆய்வாளர் வர்றார். ஒரு ஸ்டிக்கர் தப்பா இருந்தாலும் கார்டு மெஷினைக் கழட்டிட்டுப் போயிடுவாராம். ஊர்ல பாதிப் பேர் கார்டுலதான் வாங்குறாங்க. மெஷின் போனா கடை போச்சு."

"அடுத்த கடை நாப்பது மைல்" என்றான் லானி. "எங்கம்மா கார் முப்பத்தெட்டு மைல்ல நின்னுடும். மீதி ரெண்டு மைலை நான்தான் தள்ளணும்."

சுவரில் மணி ஒன்று ஐம்பது.

வெர்னா சாக்லேட்டுகளின் மேல் குனிந்தாள்.

"எப்படிக் கிடந்துச்சு?"

"எல்லாம் அந்தந்த இடத்துலதான். உறையைத் திரும்ப அழகா மடிச்சு வெச்சிருந்தான். ஆனா எல்லாமே குப்புற. பேர் தெரியாதபடி."

"வேற?"

"தரையில உப்பு பிஸ்கட் தூள். ஒரு காகிதக் கப், அதுல கொஞ்சம் தண்ணி. அப்புறம் ஒன்பது கலர் பாட்டில்ல ஆளுக்கு ஒரு மடக்கு குறையுது."

"சாக்லேட் தின்னுட்டு உப்பு பிஸ்கட் தின்னிருக்கான்" என்றான் லானி. "பைத்தியம்தான், பாஸ். ஊரை அடைச்சு எல்லாரையும் கேட்டுடலாம். முந்நூத்தி எண்பது பேர்தானே."

"பசிச்சவன் ரெண்டாவது கடி கடிப்பான்" என்றாள் வெர்னா. "திருடன் கையோட எடுத்துட்டுப் போவான். பிள்ளைங்களா இருந்தா உறைகூட மிஞ்சாது. இது எல்லாத்துலயும் ஒரே ஒரு கடி. மூலையில. சின்னதா."

அவள் விரல் வரிசையில் நகர்ந்து ஒன்றின்மேல் நின்றது.

"இதுல ரெண்டு கடி இருக்கு."

மார்லிஸ் லானியைப் பார்த்தாள். வெர்னா லானியைப் பார்த்தாள். லானி உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"ஒப்பிட்டுப் பாக்க ஒரு மாதிரி வேணுமேன்னு..."

"சாட்சியத்தை எல்லாம் பெட்டியில போடு" என்றாள் வெர்னா. "மார்லிஸ், சட்டம் பத்தி அரசாங்கம் ஒரு புத்தகம் அனுப்புச்சே, படிச்சியா?"

"பதினாலு பக்கம். மூணு பக்கம் படிச்சேன். அப்புறம் பிரிட்ஜ் ஆடுச்சு, அதுக்கு அடியில வெச்சேன். இப்ப ஆடல."

"அப்ப எதை வெச்சு ஸ்டிக்கர் ஒட்டின?"

"பாத்தா தெரியாதா? மினுமினுன்னு இருந்தா மிட்டாய். உறையில மலை படம் போட்டிருந்தா உடம்புக்கு நல்லது."

வெர்னா எதையும் தொடாதே என்று லானியிடம் சொல்லிவிட்டு, வெளியே வாசல் மண்ணைப் பார்க்கப் போனாள். அவள் திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் மார்லிஸ் ஒரு வான்கோழி சாண்ட்விச்சை நீட்டி, லானியைக் கொண்டு அத்தனை ஸ்டிக்கரையும் பழையபடி மாற்றி ஒட்டவைத்துவிட்டாள். அவள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இவன் மென்றுகொண்டே ஒட்டினான். பிய்த்த ஸ்டிக்கர்களை உருட்டி உருண்டையாக்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தான். மூன்றுமுறை குறி தப்பியது.

இதை வெர்னாவிடம் சொல்ல அவனுக்கு ஏனோ தோன்றவில்லை.

*

பல் மருத்துவர் வெண்டல் கோபெக்கி, சாக்லேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"யார் பல்லுன்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

"முடியாது."

"நோயாளியோட ரகசியமா?" என்றான் லானி.

"இல்ல. சாக்லேட்டுல தெரியாது. நீங்க படம் நிறைய பாக்குறீங்க." அவர் அதைத் தட்டில் வைத்துவிட்டு, வைத்த இடத்தையே ஏக்கமாகப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு கடி கடிச்சுட்டு நிறுத்தற ஆளு இந்த ஊர்ல இருந்தா, நான் இந்தக் கட்டடத்தை வாங்கியிருக்க முடியாது."

"ஒருத்தர்கூட இல்லையா?"

"முப்பது வருஷத்துல ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன். அதுவும் நாற்காலியில இல்ல." டாக்டரின் முகம் கறுத்தது. "என் எலுமிச்சை கேக்கை. ஏழு வருஷமா மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டு போறேன். ஏழு வருஷமா மூணாவது பரிசு. ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்ச கேக்கை ஒரு வாய். ஒரே ஒரு வாய். உடனே நாக்குல ருசி போக ஒரு உப்பு பிஸ்கட்டு, ஒரு மடக்கு தண்ணி, அடுத்த மேஜை. செஞ்சவன் பேரு தெரியக்கூடாதுன்னு சீட்டைக்கூட குப்புறப் போட்டுட்டு..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். வெர்னா எழுந்து கதவருகே போய்விட்டாள்.

லானிக்கு வண்டியில் சாவியைத் திருகும்போதுதான் உறைத்தது.

"பாஸ். ஆர்டித் நைகார்டா?"

"ஓட்டு."

"இருபத்தேழு வருஷமா கேக் போட்டி நடுவர், பாஸ். தேவாலயத்துல அந்தம்மா உள்ள வந்தா பாதிரியாரே சட்டையைச் சரி பண்ணுவாரு."

"அதனாலதான் ஓட்டுன்னேன். மணி மூணு ஆகப் போகுது."

*

ஆர்டித் நைகார்ட் கதவைத் திறந்தார். எழுபத்தோரு வயது. வீட்டில் தனியாக இருக்கும்போதும் சட்டைக் காலரில் நடுவர் பேட்ஜ் குத்தியிருந்தது. அவர் லானியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். தான் சரியாக வேகவில்லை என்று லானிக்குத் தோன்றியது.

"உள்ள வாங்க. செருப்பைக் கழட்டிட்டு."

சமையலறை மேஜையில் மளிகைச் சாமான் இன்னும் எடுத்து அடுக்காமல் இருந்தது. பைகளில் நாற்பது மைல் தள்ளியுள்ள ஊரின் கடைப் பெயர். வெர்னா அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல் உட்கார்ந்தாள்.

"மார்லிஸ் கடையில நாப்பத்தாறு சாக்லேட்டைக் கடிச்சது நீங்கதானே, மேடம்?"

"கடிக்கல. மதிப்பிட்டேன்."

"ஒன்பது கலரையும்?"

"அதையும். பின்பக்க அலமாரி ஓரமா, தினம் எட்டா." குரலில் குற்ற உணர்ச்சியின் வாடைகூட இல்லை. "காசு தர்றேன்னு சொல்லத்தான் இருந்தேன். முதல்ல முடிவு எழுதணும், அப்புறம்தான் பேசணும். அது விதி."

"என்னத்துக்கு மேடம் இதெல்லாம்?" என்றான் லானி.

ஆர்டித் கைகளை மேஜைமேல் கோத்து வைத்தார்.

"மூணு வாரம் முன்னால கல்லாவுல எனக்கு முன்னாடி டெஸ்ஸா நின்னா. கோழிப்பண்ணையில வேலை பாக்குற பொண்ணு. பையனோட பொறந்தநாளுக்கு வேஃபர் சாக்லேட் ஒரு டப்பா எடுத்திருந்தா. மார்லிஸ் அதைத் தூக்கிப் பிடிச்சு, 'இது மிட்டாய், கார்டுல வராது'ன்னு சத்தமாச் சொன்னா. பின்னால ஏழு பேரு நின்னாங்க. அந்தப் பொண்ணு டப்பாவைக் கொண்டு போய் அலமாரியில வெச்சுட்டு வந்தா."

"சட்டம் அப்படித்தானே?"

"இல்ல." அவர் நிமிர்ந்தார். "பதினோராம் பக்கம், மூணாவது பத்தி. மாவு கலந்த பண்டம் மிட்டாய் ஆகாது. வேஃபர்ல மாவு இருக்கு. பன்னிரண்டாம் பக்கம். பாதிக்கு மேல பழச்சாறு இருந்தா அது கலர் கணக்குல வராது. மார்லிஸ் சொன்னது தப்பான தீர்ப்பு. எழுபத்தோரு வயசுல பல விஷயத்தைச் சகிச்சுக்கப் பழகிட்டேன். தப்பான தீர்ப்பை மட்டும் முடியல."

லானி வாயோரத்தில் ஒட்டியிருந்த வான்கோழித் துணுக்கைத் துடைத்தான்.

"மாவு இருக்கா இல்லையான்னு உறையிலயே எழுதியிருக்குமே மேடம். படிச்சிருக்கலாமே."

ஆர்டித் அவன் பக்கம் திரும்பினார்.

"சொந்தமா அரைச்ச மாவுன்னு சீட்டுல எழுதி, கடையில வாங்கின கேக்கை வெச்சவங்களை எனக்குத் தெரியும். சீட்டைப் பாத்து மதிப்பெண் போடறவங்க வேற எங்கயாவது இருக்கலாம்."

வெர்னா மெதுவாகச் சொன்னாள். "அப்ப நீங்க மாத்தின ஸ்டிக்கர் எல்லாம் சரி."

"எல்லாம் சரி."

"மார்லிஸ் ஒட்டினதுதான் தப்பு."

"பாதிக்குப் பாதி தப்பு. மலைப் படம் போட்ட ஓட்ஸ் கட்டிக்குப் பச்சை குடுத்திருந்தா. வெறும் சர்க்கரைப் பாகு. பொட்டு மாவு கிடையாது."

வெர்னாவின் முகத்தில் அபூர்வமாக ஒரு நிம்மதி பரவியது. "நல்லவேளை. ஆய்வாளர் வரும்போது அந்த ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். கடைக்கு ஒண்ணும் ஆகாது."

லானி தொண்டையைக் கனைத்தான்.

"பாஸ்."

வெர்னா திரும்பவில்லை. எதிரே இருந்த பாத்திர அலமாரியின் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடப் பேருந்துப் பார்வை.

"எத்தனை மாத்தின?"

"எல்லாத்தையும்."

"பழைய ஸ்டிக்கர் எங்க?"

"உருண்டையா இருக்கு."

மூன்று இருபத்தைந்து.

"மேடம், நீங்க வரணும்" என்றாள் வெர்னா. "நாப்பத்தாறு உறையில எறும்பு சைஸ் எழுத்தைப் படிச்சு முடிக்க எங்களுக்கு நேரம் இல்ல. உங்களுக்கு எது எதுன்னு ஞாபகம் இருக்கு."

ஆர்டித் எழுந்திருக்கவில்லை. முதல்முறையாக அவர் பார்வை மேஜையை விட்டு மேலே வரவில்லை.

"கடை நிறைய ஆளு இருப்பாங்க. கார்டு சட்டத்துல பதினாலு பக்கத்தையும் இந்தம்மா எதுக்கு உக்காந்து படிச்சாங்கன்னு கேப்பாங்க."

அப்போதுதான் லானி அந்தப் பைகளைச் சரியாகப் பார்த்தான். பக்கத்தில் ஒரு கடை இருக்க, மாதாமாதம் ஒருவர் நாற்பது மைல் ஓட்டிப் போய் மளிகை வாங்குவது எதற்கு? அங்கே கல்லாவில் எதை நீட்டினாலும் அவரை யாருக்கும் தெரியாது. அவன் வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. அதை விழுங்கினான். சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் அது போய் உட்கார்ந்தது.

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் வெர்னா. "கேட்டா நான் திரும்பிப் பாப்பேன். அந்தக் கடையில நிக்குறவங்க பாதிப் பேரு என் பஸ்ல வந்தவங்க."

ஆர்டித் எழுந்து, ஒரு டப்பா உப்பு பிஸ்கட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

*

மூன்று நாற்பத்தொன்று.

வெர்னா பிரிட்ஜைத் தோளால் முட்டித் தூக்க, மார்லிஸ் அடியிலிருந்து புத்தகத்தை உருவினாள். பதினோராம் பக்கத்தைப் படித்தாள். பன்னிரண்டைப் படித்தாள். பிறகு தன் பிரிட்ஜ் ஆடுவதைப் பார்த்தபடி நின்றாள்.

"டெஸ்ஸாகிட்ட நான் என்ன சொல்வேன்?"

"டப்பாவைக் கொண்டு போய்க் குடு. இப்ப ஸ்டிக்கரை எடு."

ஆர்டித் அலமாரியை ஒட்டி நடந்தார். எதையும் தொடவில்லை. பின்னால் லானி இரண்டு சுருள் ஸ்டிக்கரோடு ஓடினான்.

"மாவு. மாவு. இல்ல. மாவு இருக்கு, ஆனா சரியா சலிக்கல. இல்ல. இல்ல. மாவு."

"சலிக்காததுக்கும் பச்சையா மேடம்?"

"சட்டம் அந்த அளவுக்கு முன்னேறல. பச்சை."

தயிர் பூசிய உலர்திராட்சை சிவப்பானது. வேஃபர் பச்சையானது. மலை சிவப்பானது. கலர் பாட்டில்களில் ஏழு சிவப்பு, இரண்டு பச்சை. வரிசையில் நின்றிருந்தவர்கள் தள்ளுவண்டியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தார். வெர்னா திரும்பினாள். அவர் வாயை மூடினார்.

மூன்று ஐம்பத்தெட்டு. நாற்பத்தாறாவது சாக்லேட்டின் முன் ஆர்டித் நின்றுவிட்டார்.

"இது மட்டும் சந்தேகமா இருக்கு. தேங்காய் வாசனை மறைச்சிடுச்சு. நான் மதிப்பிட்டதைக் குடு."

லானி சாட்சியப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பார்த்தான். மூடினான்.

"அது காலமாயிடுச்சு, மேடம்."

"எப்ப?"

"டாக்டர் வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல."

ஆர்டித் அலமாரியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் குப்புறத் திருப்பினார். உறையைப் பிரித்தார். மூலையில் ஒரு கடி கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கதவு மணி அடித்தது. கையில் பெட்டியோடு மாநில ஆய்வாளர் மில்டன் ஸ்ப்ராக் உள்ளே வந்தார். எல்லோரும் அசையாமல் நிற்கும் ஒரு கடையில், காசு கொடுக்காத சாக்லேட்டை ஒரு மூதாட்டி கண்மூடி மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"மாவு" என்றார் ஆர்டித்.

லானி பச்சையை ஒட்டினான்.

*

ஸ்ப்ராக் தன் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாற்பது நிமிடம். மார்லிஸ் அதற்குள் கல்லா மேஜையை ஆறு முறை துடைத்திருந்தாள். தேங்காய் சாக்லேட்டின் அருகே ஸ்ப்ராக் நீண்டநேரம் நின்றார். பட்டியலைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

பிறகு பேனாவை மூடினார்.

"நூத்திப் பன்னிரண்டு கடை பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கறது இதுதான் முதல் கடை. மெஷின் இருக்கட்டும். யாரு இதைச் செஞ்சது?"

மார்லிஸ் மூச்சுவிட்டாள். "எங்க கடைக்கு நடுவர் இருக்காங்க."

ஸ்ப்ராக் ஆர்டித்தின் காலரில் இருந்த நடுவர் பேட்ஜைக் கவனித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து உறையில்லாத ஒரு சாக்லேட் கட்டியைத் தயங்கித் தயங்கி எடுத்தார்.

"மேடம், இது புதுசா வந்திருக்கு. கம்பெனிக்காரங்க ஒண்ணு சொல்றாங்க, எங்க ஆளுங்க ஒண்ணு சொல்றாங்க. ஆறு வாரமா தலைமை அலுவலகத்துல மூணு கமிட்டி உக்காந்திருக்கு."

ஆர்டித் அதை வாங்கிக் குப்புற வைத்தார். ஒரு கடி. ஒரு உப்பு பிஸ்கட். லானி ஓடிப்போய்க் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு மடக்கு. கடையே காத்திருந்தது.

"மாவு இருக்கு" என்றார். "மிட்டாய் இல்ல."

ஸ்ப்ராக் எழுதிக்கொண்டார்.

"மூணாவது பரிசு" என்றார் ஆர்டித்.

ஸ்ப்ராக் ஒரு கணம் யோசித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் கார் கிளம்பிப் போன பிறகு, ஆர்டித் அலமாரிக்குப் போய் ஒரு வேஃபர் டப்பா எடுத்துவந்தார். தான் கடித்தவற்றுக்கான பணத்தை ஓர் உறையில் போட்டுக் கல்லா ஓரமாக வைத்தார். வேஃபரைத் தனியாக வைத்தார். கைப்பையைத் திறந்து, கொஞ்சம் தாமதித்து, உணவு அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

வரிசையில் நின்ற ஏழு பேருக்கும் அந்த நொடியில் பட்டாணி டப்பாக்களின் மேல் பெரிய அக்கறை வந்தது. வெர்னா திரும்பவே வேண்டியிருக்கவில்லை.

மார்லிஸ் டப்பாவைத் தூக்கிப் பிடிக்கவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தாள். பச்சை. தட்டினாள். மணியடித்தது.

"நாளைக்கு முட்டை வருது, ஆர்டித். உங்களுக்கு ஒரு டஜன் எடுத்து வைக்கட்டுமா?"

"வை. அவ்வளவு தூரம் இனி யாரு ஓட்டறது."

அவர் திரும்பும்போது லானி வழியில் நின்றிருந்தான், கையில் சாட்சியப் பெட்டியோடு. வெர்னா கையை நீட்டிப் பெட்டியை வாங்கித் திறந்தாள். மதியம் நாற்பத்தாறு இருந்த இடத்தில் ஐந்து இருந்தது.

"வழக்கு முடிஞ்சுதே பாஸ்" என்றான் லானி. "கடிச்சதைத் திரும்ப அலமாரியில வெக்க முடியாதுல்ல."

ஆர்டித் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு ஆர்வம் தெரிந்தது. தொழில் சம்பந்தமான ஆர்வம்.

"நாப்பத்தொண்ணு தின்னிருக்க. எது நல்லா இருந்துச்சு?"

லானி நேர்மையாக யோசித்தான்.

"எல்லாமே."

ஆர்டித் வெர்னாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இவன் வண்டி ஓட்டட்டும்."